மலர் அக்காவின் திரைச்சீலை

தேவமலர் வரைந்த படத்தை நான் முதன்முதலில் பெல்ஜியத்தில், கெண்ட் என்ற ஊரில்தான் பார்த்தேன். மழைக்காக ஒரு கடைக்குள் ஒதுங்கினேன். அட்டைகளும் காய்களும் வைத்து மேசையில் ஆடுகிற விளையாட்டுகளை விற்கும் கடை. கல்லாவுக்குப் பின்சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அடர்ந்த இருட்டுக்குள் ஒரு பெண். அவள் தோளில் ஒரு கம்பு, கம்பின் இரு முனையிலும் வாளிகள். இடுப்புக்குக் கீழே அவளுக்குக் கால் இல்லை, வேர்தான் இருந்தது. ஒரு வாளியின் விளிம்பைச் சின்னஞ்சிறு கை ஒன்று உள்ளிருந்து பற்றியிருந்தது. எங்கிருந்தோ வந்த ஒற்றை வெளிச்சம் அவள் கன்னத்திலும் அந்தக் கையிலும் மட்டும் விழுந்திருந்தது.

அந்த ஊர் அருங்காட்சியகத்தில் அன்று காலைதான் நானூறு வருடப் பழைய ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதே ஆட்கள் வரைந்ததாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கம்பும் வாளியும் எங்கள் தோட்டங்களில் ரப்பர் பால் சுமந்த காண்டாக் கம்பும் வாளியும். கிட்டே போய்ப் பார்த்தபோது படத்தின் அடி மூலையில் தமிழ் எழுத்து இருந்தது. தேவமலர், செலண்டார்.

செலண்டார், மலாக்கா பக்கம் ஆயர் குரோவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கார் ஓட்டினால் அரைமணி நேரம். ஆறு வருடமாக ஒரு ஊரில் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, ஊருக்குத் திரும்புவதற்கு அதுவரை ஒரு காரணமும் கிடைத்ததில்லை.

திரும்பி வந்த வாரமே செலண்டார் போனேன். கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. படம் வரைபவர் என்றேன். "பேய்ப்படம் போடற அம்மாவா? அப்படிச் சொல்லுங்கலா," என்று சிரித்தார். பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டு வாசலில் எண்ணெய் எடுக்கிற செம்பனையின் குலை ஏற்றுகிற லோரி நிற்கிறதோ, அதுதான் வீடு என்றார்.

லோரி காந்தன் அண்ணனுடையது. அவர் மலர் அக்காவின் கணவர். கதவைத் திறந்தவரும் அவர்தான். வரிசை வீடு, சின்னக் கூடம். கூடத்தின் நாலு சுவரிலும் படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாமே சுவரைப் பார்த்தபடி. ஏன் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா நாலு பேரு நின்னு பாக்கறாங்க, தங்கச்சி," என்றார் காந்தன் அண்ணன். "மூணு பேரு பரவால்ல, தெரிஞ்ச முகம். நாலாவது ஆளு யாருன்னே தெரியல. இவளுக்கும் தெரியலையாம்."

மலர் அக்கா உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, மூக்குக்கண்ணாடி. நகக்கண்களில் பழுப்பு வண்ணம் ஏறியிருந்தது. கெண்ட் ஊரில் படத்தைப் பார்த்தேன் என்றதும் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அந்தச் சுவரில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். "அப்ப சரி, படத்துலயும் அந்தப் பக்கந்தான்," என்றார்.

அதன் பிறகு நான் வாரத்துக்கு இரண்டு முறையாவது போக ஆரம்பித்தேன். அவர் வேலை செய்துகொண்டே பேசுவார். பேச்சிலிருந்து அவர் கதையைத் துண்டு துண்டாகத்தான் சேர்த்தேன்.

செலண்டாரைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தம்புசாமி பால் வெட்டுபவர். அம்மா அன்னம்மா காலையில் பால் வெட்டிவிட்டு, மத்தியானம் துரை வீட்டுத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பார். பள்ளி விடுமுறையில் விடிவதற்கு முன்பே மலர் அக்காவும் அவர்களோடு ரப்பர்க் காட்டுக்குப் போவார். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் எதிரே இருக்கும் மரத்தின் பட்டை தெரியும், வெட்டுகிற கை தெரியும். திரும்பினால் அம்மாவின் பாதி முகம் தெரியும். மீதியெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் என்னென்ன இருக்கும் என்று யோசிப்பதுதான் சிறுமியின் வேலை. யோசித்தது எல்லாம் அவருக்கு இன்றும் நினைவிருந்தது.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலை வேலை. மின்தகடுகளை நுண்ணோக்கியில் பார்த்துக் கீறல் கண்டுபிடிக்க வேண்டும். பல வருடம் அதைச் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், அட்டை கிழிந்த பெரிய புத்தகம் ஒன்று கிடைத்தது. டச்சுக்காரர்களின் பழைய ஓவியங்கள். எழுத்து ஒன்றும் புரியவில்லை. படங்கள் புரிந்தன. பாதி உரித்த எலுமிச்சை, தலைகீழாகத் தொங்கும் முயல், இருட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் கிழவரின் முகம். அந்த ஆட்கள் எல்லோரும் விடிகாலையில் பால் வெட்டப் போனவர்களாக இருக்க வேண்டும் என்று தான் நினைத்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அந்தப் புத்தகத்தைப் பார்த்தும், பிறகு கணினியில் தேடியும் தானாகவே கற்றுக்கொண்டார். கித்தான் துணியை இழுத்துக் கட்டுவது, பசையும் சுண்ணக்கட்டித் தூளும் குழைத்துப் பூசி வெள்ளைத் தளம் போடுவது, அதன்மேல் ஆளிவிதை எண்ணெயில் கரைத்த வண்ணத்தைக் கண்ணாடி போல மெல்லியதாக ஏற்றுவது, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ஒரு கன்னத்துக்குப் பதினைந்து பூச்சுகூட ஆகும். அந்தப் பழைய முறையில் அவர் வரைந்தது தோட்டத்து இருட்டில் தான் கண்டவற்றை. இருவாட்சிப் பறவையின் அலகு கொண்ட மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. மனித முகத்தோடு குரைக்கும் நாய். குலை தள்ளிய செம்பனையில் பழத்துக்குப் பழம் ஒரு கண். அவற்றை இணையத்தில் போட்டபோது வெளிநாட்டு விளையாட்டுக் கம்பெனிகளும் இசைக்குழுக்களும் அட்டைப்படம் கேட்டு வந்தன. தொழிற்சாலை வேலையை விட்டார்.

"வெளிய எத்தனையோ பேரு பாக்கறாங்க, ராகினி," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "நம்ம ஆளுங்க வீட்டுல ஒண்ணுகூடத் தொங்கல. நான் யாரை வரையறேன்? இவங்களைத்தான வரையறேன்."

தங்கராஜு அண்ணன் வந்தது தீபாவளி முடிந்த வாரம். அந்தப் பழைய தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்கு அவர்தான் தலைவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்து, ஆட்கள் மலாக்கா, ஆயர் குரோ, ஜொகூர் என்று பிரிந்துபோய்விட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. ஆடித் திருவிழாவுக்கு எல்லோரும் வந்து கூடுவார்கள்.

அவர் சண்டை போடத்தான் வந்தார். மலர் அக்கா வரைந்த ஒரு முனியின் படத்தை யாரோ கைப்பேசியில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். சாமியைப் பேய் மாதிரி போட்டிருக்கிறாள் என்று கமிட்டியில் பேச்சு. வாசலிலிருந்தே குரலை உயர்த்திக்கொண்டு வந்தார். மலர் அக்கா அந்தப் படத்தை எடுத்துத் திருப்பி வைத்தார். ஆள் உயரப் படம். மரமே எழுந்து உட்கார்ந்தது போல ஒரு முனி. மேலே முகம் இருக்க வேண்டிய இடம் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஏதோ ஒன்று மூச்சு விடுவது போல இருக்கும்.

தங்கராஜு அண்ணன் பேச்சை நிறுத்தினார். பிறகு வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"கண்ணு எங்கம்மா வச்சிருக்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வைக்கலண்ணே."

"ஆனா பாக்குதே."

காந்தன் அண்ணன் அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. போகும்போது ஒரு விஷயம் சொன்னார். போன திருவிழாவில் கற்பூரத் தீ பட்டுக் கருவறைத் திரை எரிந்துவிட்டது. அலங்காரம் நடக்கும்போது சாமியை மறைக்கிற திரை. வருகிற ஆடிக்குப் புதிதாகப் போட வேண்டும். கடையில் வாங்கினால் பளபளவென்று ஓம் போட்டுக் கொடுப்பார்கள். அதைவிட, மலர் ஒன்று வரைந்து தர முடியுமா?

அவர் போன பிறகு மலர் அக்கா வெகுநேரம் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். கையிலிருந்த வெளிநாட்டு வேலைகளை எல்லாம் தள்ளி வைத்தார். ஆடி வரைக்கும் அந்தத் திரை ஒன்றுதான்.

ஒரு சிக்கல் முதல் நாளே வந்தது. துணியில் பூசும் தளத்துக்கு அவர் எப்போதும் பயன்படுத்துவது தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. மாட்டுத் தோல். கருவறை வாசலில் தொங்கப்போகிற துணியில் அது ஆகாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"சாமி சுருட்டு குடிக்கிறாரு, சாராயம் குடிக்கிறாரு," என்றார் காந்தன் அண்ணன். "பசைக்கா கோவிச்சுக்கப் போறாரு?"

"அது அவரு கேட்டு வாங்கறது. இது நான் தெரியாமக் குடுக்கறது," என்றார் மலர் அக்கா.

அம்மா அன்னம்மா துரை வீட்டு வெள்ளைக் காற்சட்டைகளுக்கு மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சிப் போட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. காய்ந்தால் காற்சட்டை தானாக நிற்கும் என்பார். அதே மரவள்ளிக் கஞ்சியில் சுண்ணக்கட்டித் தூளைக் குழைத்தார். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, துணி முழுக்கப் பூசினார். அரிசி மாவு போல வெளேரென்று தளம் அமைந்தது. அவ்வளவு சுத்தமான வெள்ளை தனக்கு முன்பு கிடைத்ததே இல்லை என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

நான் பார்க்கப் பார்க்க அந்தத் துணியில் இருட்டு ஏறியது. முதலில் பழுப்பு, பிறகு நீலம், பிறகு பழுப்பு. ஒவ்வொரு பூச்சுக்கும் இருட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனது. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வந்தன. மரங்களுக்கு நடுவே ஆட்கள் வந்தார்கள். நெற்றியில் விளக்கோடு, விளக்கு இல்லாமல், பிள்ளையைச் சுமந்துகொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு. சிலருக்குக் கால் இருந்தது, சிலருக்கு வேர். சிலர் முதுகில் பட்டை வளர்ந்திருந்தது. ஓரங்களில் அந்த நாயும் அந்த அலகு மூக்கு மண்டோரும் இன்னும் பெயர் சொல்ல முடியாத சிலவும் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தன. முகங்கள் எல்லாம் தோட்டத்து முகங்கள். உயிரோடு இருப்பவர்களும் இறந்துபோனவர்களும். எந்தப் புகைப்படத்தையும் அவர் பார்க்கவில்லை.

எல்லோரும் நடுவில் ஓர் இடத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் கறுப்பு. அங்கே என்ன வரும் என்று கேட்டேன்.

"அங்க நான் எதுவும் போடக் கூடாது," என்றார். "திரை திறந்தா அங்கதான சாமி இருப்பாரு."

எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பெரிய மண்டபங்களில் நின்று ஓவியங்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஓவியத்தின் நடுவை இப்படி இன்னொருவருக்காக ஒதுக்கி வைத்ததை எங்கும் பார்த்ததில்லை.

திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் திரையைக் கொண்டுபோனோம். சுருட்டாமல், லோரியின் பின்தட்டில் பலகைமேல் விரித்து, நானும் மலர் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். கோயிலில் தங்கராஜு அண்ணனும் பூசாரி மாயாண்டியும் காத்திருந்தார்கள். மேல்விளிம்பில் வளையங்கள் தைத்து, கருவறை வாசல் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார்கள்.

பூசாரி நாலு எட்டு பின்னால் போய்ப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தங்கராஜு அண்ணன் படத்தின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய அப்பா வாளியோடு நின்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"கயிறு சரியா ஓடுதான்னு பாத்துடுவோம்," என்று பூசாரி கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம்.

பூசாரி கையை விட்டுவிட்டார். திரையின் ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. மடிப்பு நெடுக வண்ணம் வெடித்து, நகம் அளவுத் துண்டுகள் படியில் உதிர்ந்து கிடந்தன. மலர் அக்கா குனிந்து ஒன்றை எடுத்தார். விரலில் நசுக்கினார். கஞ்சி. தோல் பசையாக இருந்திருந்தால் கொஞ்சமாவது வளைந்து கொடுத்திருக்கும். மரவள்ளிக் கஞ்சி காய்ந்து ஓடு போல ஆகிவிட்டது. தவிர, அவர் வரைந்தது எல்லாம் சட்டத்தில் அடித்து மாட்டுகிற படங்கள். எட்டு மாதமும் அந்தத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியே வரைந்தவருக்கு, திரை என்றால் மடியும் என்பது நினைவுக்கே வரவில்லை. எனக்கும் வரவில்லை. கேட்ட தங்கராஜு அண்ணனுக்கும்தான்.

வேறு செய்ய நேரம் இல்லை. தங்கராஜு அண்ணன் மனம் நோகாமல்தான் பேசினார். கோயில் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிவிடலாம், வருகிற ஆட்கள் எல்லோரும் பார்ப்பார்கள், அடியில் பெயர்கூடப் போடலாம். கருவறைக்கு ஜாசின் கடைத்தெருவில் போய் ஒரு கடைத் திரை வாங்கிவிடலாம். காந்தன் அண்ணன் அதுதான் சரி என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, சொல்லவும் சொன்னேன்.

மலர் அக்கா பூசாரியிடம், திருவிழா அன்று எத்தனை முறை திரையைத் திறந்து மூடுவீர்கள் என்று கேட்டார். பூசாரி விரல்விட்டு எண்ணப் பார்த்து, விட்டுவிட்டார். அபிஷேகத்துக்கு, அலங்காரத்துக்கு, நைவேத்தியத்துக்கு, அது எப்படி எண்ண முடியும் என்றார்.

திரை அப்படியே தொங்கட்டும் என்று சொல்லிவிட்டு மலர் அக்கா லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மறுநாள் நான் போனபோது காந்தன் அண்ணன் குரல் வாசல்வரை கேட்டது.

"எட்டு மாசம்லா. ஒரே நாள்ல தூளாப் போயிடும். உனக்கு என்னா கிறுக்கா? சுவத்துல மாட்டினா உன் பேரன் காலத்துக்கும் இருக்கும்."

"நமக்குப் பிள்ளையே இல்ல, பேரன் எங்கருந்து வருவான்?"

"பேச்சை மாத்தாத."

மலர் அக்கா தூரிகைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துத் துணியில் ஒற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சுவத்துல மாட்டினா அது படம். நம்ம ஆளுங்க படத்துக்கு முன்னாடி நின்னு கைப்பேசியில ஒரு போட்டோ எடுத்துட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போயிடுவாங்க," என்றார். "தங்கராஜு அண்ணன் என்கிட்டப் படம் கேக்கல. திரைதான் கேட்டாரு. நடுவுல இடம் விட்டுட்டேன். அங்க சாமி வரணும். சுவத்துல வச்சா அது வெறும் இருட்டு."

காந்தன் அண்ணன் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் தங்கராஜு அண்ணனிடம் கைப்பேசியில் பேசுவது கேட்டது. கடைத் திரை வாங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திருவிழா அன்று நான் போனபோது செம்பனை மரங்களுக்கு நடுவே காரை நிறுத்த இடமில்லை. உருமி மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அலங்காரம் நடந்துகொண்டிருந்ததால் திரை மூடியிருந்தது. தள்ளுமுள்ளோடு படியேறி வந்தவர்கள் திரையைக் கண்டதும் வேகம் குறைந்தார்கள். பின்னால் வருபவர்கள் முட்டினார்கள். பிறகு அவர்களும் நின்றார்கள். பேச்சு தணிந்துகொண்டே வந்தது. நெற்றி விளக்குகளின் வெளிச்சம் திரைக்கு உள்ளிருந்து வருவது போல இருந்தது. யாரோ ஒருவர் கைகூப்பினார். அதைப் பார்த்துப் பலர் கூப்பினார்கள். சாமி இன்னும் தெரியவில்லை. அவர்கள் கும்பிட்டது அந்தக் காட்டையும் அதில் நிற்கிற ஆட்களையும்தான்.

முன்வரிசையில் சுப்பம்மா என்ற பாட்டி நின்றார். பழைய லயத்தில் மலர் அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. அவர் ஒவ்வொரு முகமாக விரல் நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார். மரம் பாதியும் மனிதன் பாதியுமாக நிற்கும் ஓர் இளைஞன். சுப்பம்மாவின் உதடு அசைந்தது.

மலர் அக்கா கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி வலித்தது. உள்ளே மணி அடித்தது. பூசாரியின் கை கயிற்றுக்குப் போனது.

மேளத்தையும் மீறி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மரங்கள் மடிந்தன, முகங்கள் மடிந்தன. கறுப்பும் நீலமும் படியெல்லாம் உதிர்ந்தன. அக்கா கண்ணை மூடவில்லை. திரை ஒரு பக்கமாக ஒதுங்க, அந்த வெறுமையான இருட்டு இருந்த இடத்தில், அதே உயரத்தில், தீபத்துக்கு நடுவே முனீஸ்வரர் உட்கார்ந்திருந்தார். அந்த ஆட்கள் எல்லோரும் இத்தனை நேரம் யாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது அந்தக் கணத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாக இல்லை. என் கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன.

ஆரத்தி முடிந்தது. நைவேத்தியம் வைக்கத் திரையை மறுபடி மூடினார்கள்.

படம் பாழாகியிருக்கும் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தவே தயக்கமாக இருந்தது. நிமிர்ந்தபோது திரை முழுக்க மேலிருந்து கீழாக வெடிப்புகள் ஓடியிருந்தன. வெடிப்புகளில் அடியிலிருந்த வெள்ளைத் தளம் தெரிந்தது. இருட்டான அந்தக் காட்டில் ஒவ்வொரு மரத்தின் மீதும் மெல்லிய வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. காடு முழுவதும் பால் வெட்டிவிட்டது போல. மரம் பாதியாக நின்ற மனிதர்களின் உடம்பிலிருந்தும் பால் இறங்கியது. கூட்டத்தில் பால் வெட்டிய கைகள் எத்தனையோ இருந்தன. யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மலர் அக்காவின் பிடி தளர்ந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது நான் போடல," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

சுப்பம்மா குனிந்து படியில் கிடந்த ஒரு துண்டை எடுத்தார். தங்கராஜு அண்ணன், பாட்டி தொடாதீங்க, கூட்டி எடுத்துடுவோம் என்றார்.

"எங்கண்ணன் காதுப்பா," என்றார் சுப்பம்மா. "அப்புசாமி காது. இந்தா, ஓரத்துல மடிஞ்சிருக்கு பாரு. அவனுக்கு அப்படித்தான் இருக்கும்."

அதைத் திருநீற்றோடு சேர்த்து முந்தானை முனையில் முடிந்துகொண்டார். அவரைப் பார்த்து இன்னொரு பெண் குனிந்தாள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள். துண்டை உள்ளங்கையில் வைத்து, கண்ணில் ஒற்றி, பணப்பையிலும் சட்டைப்பையிலும் போட்டுக்கொண்டார்கள். சிலர் முகமா மரமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஜொகூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன் தன் தாத்தா எந்தப் பக்கம் என்று மலர் அக்காவிடமே வந்து கேட்டான். அவர் விரல் நீட்டிக் காட்டினார். தங்கராஜு அண்ணன் தடுப்பதை விட்டுவிட்டுத் தானும் இடது ஓரத்துக்குப் போய்க் குனிந்தார். காந்தன் அண்ணன் கையில் நீலத் துண்டு ஒன்று இருந்தது. அது யாருடைய முகமும் இல்லை, வெறும் இருட்டுதான். அதைச் சட்டைப்பையில் போட்டு மேலே தட்டிக்கொண்டார்.

மலர் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியருகே போனார். பூசாரி மாயாண்டி நைவேத்தியத் தட்டோடு உள்ளே நுழையப் போனார்.

"ஐயா," என்றார் மலர் அக்கா, "மறுபடி எப்பத் திறப்பீங்க?"

"இத வச்சதும் திறக்கணும்மா," என்றார் பூசாரி, கொஞ்சம் பயந்துபோய். "மெல்லமாத் திறக்கட்டுமா?"

"வேணாம். எப்பவும் போலத் திறங்க."

சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போனார். சுப்பம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். மலர் அக்கா சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போலவே, திரை திறப்பதற்காகக் காத்திருந்தார்.